கண்மை வைத்த காசாலட்டு

கீழே எழுதப்படும் செய்திகளுள் கப்பல் உண்மை, கடல் உண்மை, மாங்காய்க் கூடையும் உண்மை. ஏனையவற்றுக்கு நத்தம் பக்கத்துத் தோட்டக்காரர் சேவுகப்பெருமாளே பொறுப்பு. அவர் கூறியதைக் கூறியபடி தருகிறேன். எவரையும் நம்பும்படி நான் கேட்கவில்லை. நம்ப மறுப்பவர்கள் இடையில் குறுக்கிடாமல் இருந்தால் போதும். குறுக்கிடும் வேலையைக் கப்பலிலேயே இருவர் குறைவறச் செய்துவிட்டார்கள்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குச் செல்லும் கப்பலில், அடுக்குப் படுக்கைகள் நிறைந்த கீழ்த்தளக் கூடத்தில் எங்களுக்கு இடம் கிடைத்திருந்தது. எனக்கு எதிர்ப்படுக்கை சேவுகப்பெருமாளுடையது. ஆனால் அதில் அவர் படுக்கவில்லை. ஒரு பெரிய மூங்கில் கூடையை அதன்மேல் ஏற்றி, கழுத்துவரை போர்வை போர்த்துவதுபோல் ஒரு வேட்டியைப் போர்த்தி, தாம் கீழே தரையில் அமர்ந்துகொண்டார். சற்றைக்கொருமுறை வேட்டியின் ஓரத்தைத் தூக்கி உள்ளே பார்ப்பதும், விரலால் தட்டுவதும், ஏதோ சொல்வதுமாக இருந்தார். போர்ட் பிளேர் மருத்துவமனையொன்றில் செவிலியராக இருக்கும் ஜெசிந்தா, விடுமுறை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தவர், அதைக் குழந்தை என்று எண்ணிவிட்டார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

"நல்லாத்தான் இருக்காக சிஸ்டர். இப்பத்தான் எண்ணெ தேச்சுக் குளிச்சாக. அதான் தூங்கிறக் கூடாதேன்னு பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார் சேவுகப்பெருமாள்.

கூடைக்குள் இருந்தவை காசாலட்டு என்னும் வகை மாங்காய்கள். அவை கப்பலேறிய காரணத்தை முதலில் சொல்லிவிடுவது முறை.

அவருடைய மகள் பஞ்சவர்ணம் சென்ற ஆண்டு போர்ட் பிளேரில் வாழ்க்கைப்பட்டவள். இப்போது அவளுக்கு வளைகாப்பு. கல்யாணப் பந்தியில் சேவுகப்பெருமாள் தம் சம்பந்தி கோட்டைச்சாமியிடம் ஒரு வார்த்தை விட்டிருந்தார்: தம் தோட்டத்து மாங்காய் எந்த மருந்தும் இல்லாமல் கடல் தாண்டும், புள்ளி விழாது, அழுகாது, பழுக்கச் சொன்ன நாளில்தான் பழுக்கும். கோட்டைச்சாமி அதை மறக்கவில்லை. தீவுக்கு வரும் மாம்பழம் மருந்து நெடியோடு வரும், அல்லது அழுகி வரும். மூன்றாவது வகை உன் அப்பன் வாயில்தான் விளைகிறது என்று மருமகள் சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்லிவந்தார். வளைகாப்புச் சீராக மாங்காய் வருகிறது என்று தெரிந்ததும், கூடையைக் கப்பல் வந்து அணையும் ஜெட்டியிலேயே உறவினர் முன்னிலையில் திறக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். உள்ளே ஒரு காய் கெட்டிருந்தாலும் புளுகன் மகள் என்ற பெயர் அந்த வீட்டில் அந்தப் பெண்ணுக்கு நிலைத்துவிடும். பிறக்கப்போகும் குழந்தையும் புளுகன் பேரனாகவே கண் விழிக்கும்.

பஞ்சவர்ணம் தொலைபேசியில் தந்தையிடம் ஒரு சத்தியம் வாங்கியிருந்தாள். மாங்காய் அழுகினாலும் எப்படியோ சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் ஜெட்டியில் இறங்கியது முதல் அப்பா வாயைத் திறக்கக் கூடாது. மகள்மீது ஆணையாக அவரும் ஒப்புக்கொண்டார். சத்தியம் ஜெட்டியில்தான் தொடங்குகிறது, கப்பலுக்குப் பொருந்தாது என்பதை அவர் நன்கு ஆராய்ந்து வைத்திருந்தார். ஆகவே பேச வேண்டியதையெல்லாம் கடல்மீதே பேசித் தீர்த்துவிடுவது என்று வந்திருந்தார்.

எங்களோடு இருந்த மற்றொருவர் யாகப்பன். தூத்துக்குடிக்காரர், போர்ட் பிளேர் கடைவீதியில் நெடுங்காலமாகப் பழக்கடை வைத்திருப்பவர். பழம் இனிக்குமா என்று யாராவது கேட்டால், புளித்தால் புளிக்கும் என்று சொல்லிவிடுவாராம். அதனால் பாதி வியாபாரம் போயிற்று. மீதிப் பாதி அதனாலேயே நிலைத்தது. தேவைக்குமேல் ஒரு சொல் பேசமாட்டார். சேவுகப்பெருமாள் பேசத் தொடங்கியபோது அவர் முதுகைக் காட்டிப் படுத்திருந்தார்.

காலை வெயில் ஏறுமுன் காம்போடு காயைப் பறித்ததாகவும், காம்பைக் கீழ்நோக்கி வைத்துப் பால் முழுவதும் வடியவிட்டதாகவும் சேவுகப்பெருமாள் தொடங்கினார். முதுகைக் காட்டியபடியே யாகப்பன் தலையசைத்தார். கேட்பவர் ஒப்புக்கொள்வது சேவுகப்பெருமாளுக்கு ஆகாது. உடனே அடுத்த படிக்கு ஏறிவிடுவார். மரத்தில் நாளெல்லாம் வெயில் காய்ந்த காய்க்கு உடம்பில் சூடு இருக்கும். அந்தச் சூட்டோடு கூடையில் அடைத்தால் அழுகாமல் என்ன செய்யும். ஆகவே கை பொறுக்கும் வெந்நீரில் காய்களைக் குளிப்பாட்ட வேண்டும் என்றார். இதற்கும் யாகப்பன் தலையசைத்தார். வெந்நீர் மட்டும் போதுமா, நல்லெண்ணெயும் சீயக்காயும் வேண்டாமா என்று சேவுகப்பெருமாள் கேட்டபோதுதான் யாகப்பன் எங்கள் பக்கம் திரும்பிப் படுத்தார்.

முதல் ஆண்டு ஒரு பிழை நேர்ந்துவிட்டதாம். எல்லாக் காய்களுக்கும் சனிக்கிழமையே எண்ணெய்க் குளியல் கொடுத்துவிட்டார். பாதிக் காய்களுக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. மூக்குள்ள இனமாதலால் மாங்காய்க்கு அது மற்றப் பழங்களைவிடக் கடுமையாக இருக்கும். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது: சனிக்கிழமை ஆண்களுக்கு, பெண்களுக்கு வெள்ளிக்கிழமை அல்லவா?

மாங்காயில் ஆண் எது, பெண் எது என்று எப்படிக் கண்டீர்கள் என ஜெசிந்தா கேட்டார். அது எளிது என்றார் சேவுகப்பெருமாள். சீயக்காய் கண்ணில் பட்டதும் ஊரைக் கூட்டியவை ஆண். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவை பெண். இதுவரை சந்தேகத்தோடு கேட்டுக்கொண்டிருந்த ஜெசிந்தா, இந்த ஒன்றை உடனே ஒப்புக்கொண்டார். ஊசி போடும் அறையில் தாம் தினமும் காண்பதும் அதுவே என்றார்.

எண்ணெய் தேய்த்துக் குளித்தவர் பகலில் தூங்கக் கூடாது. இது எல்லாரும் அறிந்தது. மனிதர் தூங்கினால் தலை கனக்கும், கண் சிவக்கும். மாங்காய் தூங்கினால் பழுத்துவிடும். பழுப்பது என்பதே ஒரு வகைத் தூக்கந்தான் என்று சேவுகப்பெருமாள் விளக்கினார்: உடம்பு தளர்கிறது, முகம் மஞ்சளாகிறது, வாய் மணக்கிறது. (வாய் மணப்பது பற்றி ஜெசிந்தா கருத்து வேறுபட்டார், அது பதிவு செய்யப்படாமல் போகக் கூடாது.) ஆகவே காய்களைப் பகல் முழுவதும் விழித்திருக்கச் செய்ய வேண்டும். அதற்கு அவர் ஒரு தவில்காரரை அமர்த்தினாராம். தோட்டத்துக் கொட்டகையில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை தவில். கூடையிலிருந்த காய்கள் ஒரு கண்ணும் மூடவில்லை. மரத்திலிருந்த காய்களுக்கும் தூக்கம் போயிற்று. அவை தை மாதம்வரை காயாகவே தொங்கி, பொங்கலுக்கு வந்த கரும்பைப் பார்த்து யார் நீ என்று கேட்டனவாம்.

"அப்ப அந்தத் தவில்காரரு?" என்றார் யாகப்பன். அன்று அவர் பேசிய முதல் சொற்கள் இவை.

"அவருக்கு அன்னைக்கு நின்ன நரை இன்னைக்கு வரைக்கும் நிக்கிது அண்ணாச்சி. அவரு மகனுக்குத் தல முழுக்க வெள்ள. ரெண்டு பேரும் வாசிக்கப் போனா, அப்பன் யாரு, மகன் யாருன்னு கேட்டுட்டுத்தான் வெத்தல பாக்கே வைக்கிறாக."

யாகப்பன் எழுந்து உட்கார்ந்தார். தாம் கேட்டது நரையைப் பற்றி அன்று, அந்தத் தவில்காரர் எப்போது சாப்பிட்டார் என்பதைப் பற்றி என்றார். அதற்குச் சேவுகப்பெருமாள், அந்த விவரத்தை அவர் மனைவியிடம்தான் கேட்க வேண்டும், பிறர் வீட்டுச் சமையலில் தாம் தலையிடுவதில்லை என்று கூறிவிட்டார்.

மறுநாள் காலையில் பேச்சு நோயின் பக்கம் திரும்பியது. மாங்காய்க்கு வரும் கரும்புள்ளி நோயை யாகப்பன் நன்கு அறிவார். முதலில் ஊசிமுனையளவு கறுப்பு. அப்புறம் அது பரந்து குழிந்து காயையே தின்றுவிடும். அதற்கு மருந்தடிக்காமல் என்ன செய்தீர் என்று அவர் கேட்டார். கேள்வியில் ஒரு கொக்கி இருந்தது. சேவுகப்பெருமாள் அதில் மாட்டவில்லை. கண்மை வைத்தேன் என்றார்.

பச்சைப் பிள்ளைக்குக் கண்ணேறு படாமல் கன்னத்தில் பொட்டு வைக்கிறோமல்லவா? அப்படியே ஒவ்வொரு காயின் கன்னத்திலும் வைத்தாராம். நோய் காற்றில் வந்தது. முதல் காயைப் பார்த்தது. கறுப்பாக ஏதோ இருந்தது. நமக்கு முன்பே நம் ஆள் ஒருவன் வந்து உட்கார்ந்துவிட்டான் என்று அடுத்த காய்க்குப் போயிற்று. அங்கும் ஆள். பேருந்தில் சன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்திருப்பதைப் பார்த்தவர் எப்படி நடத்துநரைத் திட்டிக்கொண்டே இறங்குவாரோ, அப்படி அந்த நோய் முணுமுணுத்துக்கொண்டே வேலியைத் தாண்டிப் போயிற்றாம். போகிற போக்கில், பின்னால் வந்துகொண்டிருந்த தன் கூட்டத்தாரிடம், இந்தத் தோட்டம் நிரம்பிவிட்டது, நின்றுகொண்டுகூடப் போக முடியாது என்று சொல்லியும் அனுப்பிற்றாம்.

பழ ஈயை விரட்ட அவர் கற்றாழையைப் பயன்படுத்தினார். கற்றாழைச் சோற்றை மசித்துக் காயின்மேல் மெல்லியதாகப் பூசினால் தோல் காயாது, சுருங்காது என்பதை யாகப்பன் மறுக்கவில்லை. ஆனால் சேவுகப்பெருமாள் பூசிய பூச்சில் ஈ உட்கார முடியாமல் வழுக்கியது. ஈயோடு நில்லாமல் தூசி வழுக்கியது. வெயில் வழுக்கியது. முடிவில் நாளே அதன்மேல் நிற்க முடியாமல் வழுக்கிவிட்டதாம். ஞாயிறு வந்து காயைப் பிடிக்கப் பார்த்து வழுக்கி விழுந்தது. திங்கள் அதன்மேல் தடுக்கி விழுந்தது. வெளியே ஊருக்கெல்லாம் நாள் போயிற்று. அந்தக் காய்க்குப் பறித்த அன்றைய காலைப் பொழுது அப்படியே இருந்தது.

மீந்த கற்றாழையை வீணாக்க மனமின்றித் தம் இடது முழங்காலில் தடவிக்கொண்டதையும் அவர் மறைக்கவில்லை. அந்த முழங்காலுக்கு இன்னும் கல்யாண வயதுதானாம். பேருந்து வருவது தெரிந்தால் அது முன்னே ஓடிப் படியில் ஏறிவிடும். மற்ற உடம்பு பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் நடத்துநர் இரண்டுமுறை விசில் ஊதிவிடுவார். ஜெசிந்தா அந்த முழங்காலைப் பரிசோதிக்க விரும்பினார். வயதுக்கு வந்த பிள்ளை, புதியவர்கள் முன் கூச்சப்படும் என்று சேவுகப்பெருமாள் வேட்டியை இழுத்து மூடிக்கொண்டார்.

மூச்சைப் பற்றிய செய்தி அதற்கும் மறுநாள் மதிய உணவுக்குப் பின் வந்தது. பறித்த காயும் மூச்சு விடும்; எவ்வளவு மெதுவாக விடுகிறதோ அவ்வளவு நாள் இருக்கும். இதைச் சொல்லிவிட்டு அவர் யாகப்பனைப் பார்த்தார். யாகப்பன் எச்சரிக்கையாகத் தலையை அசைக்காமல் வைத்துக்கொண்டார். பயனில்லை. சேவுகப்பெருமாள் காய்களுக்கு மூச்சுப் பயிற்சி அளித்தாராம். பெரும்பாலான காய்கள் சுமாராகக் கற்றன. ஒரு காய் மட்டும் மூச்சை உள்ளே இழுத்தது, விடவே இல்லை. கூடையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் எழும்பி அப்படியே நின்றது. அதற்கு இப்போது நத்தத்துக்கு மேற்கே ஒரு மடம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் தாங்காது. அந்தக் காய் யாரோடும் பேசுவதில்லை. அது இத்தனை ஆண்டு கெடாமல் இருப்பதற்குக் காரணமும் அதுவே. வாயைத் திறந்தால்தான் எதுவும் கெடும் என்று அவர் முடித்தார்.

"அப்படின்னா நீங்க எப்பவோ அழுகியிருக்கணுமே ஐயா" என்றார் ஜெசிந்தா.

கூடமே சிரித்தது. சேவுகப்பெருமாளும் சிரித்தார். அதற்கும் அவரிடம் விடை இருந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒலிபெருக்கி முந்திக்கொண்டது. துறைமுகத்தில் காற்று கடுமையாக இருப்பதால் கப்பல் வெளியே கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். காற்றுத் தணிந்த பிறகே உள்ளே போகும் என்று அறிவித்தார்கள். சிறிது நேரத்தில் கூடத்தின் குளிர்காற்றும் நின்றுபோயிற்று. அத்தனை பேருடைய மூச்சும் வியர்வையும் சேர்ந்து, கீழ்த்தளம் பானைக்குள் இருப்பதுபோல் புழுங்கியது.

காலைவரை அப்படியே கிடந்தோம். விடிந்ததும் யாகப்பன் மூக்கை உயர்த்தினார். பழக்கடைக்காரரின் மூக்குக்குக் கண் தேவையில்லை. ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்து, வேட்டியை விலக்கி, வைக்கோலுக்குள் கையை நுழைத்தார். அடிவரிசையிலிருந்து ஒரு காயை எடுத்தார். காம்படியில் தோல் பழுப்பாகி, விரல் பட்டால் அமுங்கும்படி இளகியிருந்தது.

"ஒண்ணுல அழுகல் தொட்டாச்சுவே. பக்கத்துல இருக்கதுக்கெல்லாம் ஒட்டிக்கிடும். மொதல்ல இதத் தள்ளி வையும்" என்றார்.

சேவுகப்பெருமாள் அந்தக் காயை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அவர் ஏதேனும் சொல்வார் என்று நாங்கள் காத்திருந்தோம். அந்தக் காய் மாறுவேடத்தில் வந்த வேறு காய் என்றாவது, எண்ணெய் தேய்க்கும்போது முரண்டு பிடித்த காய் என்றாவது அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"எம்மக சோத்துல கை வைக்கிறப்பல்லாம் சம்பந்தி சொல்லிக் காட்டுவாக அண்ணாச்சி" என்றார்.

பயணம் முழுவதும் அவர் கூறியவற்றுள் மிகை சிறிதும் இல்லாத வாக்கியம் இது ஒன்றுதான். அதனாலேயே அது கேட்பதற்குச் சகிக்கவில்லை.

யாகப்பன் அந்தக் காயை அவர் கையிலிருந்து வாங்கித் தள்ளி வைத்தார். பிறகு ஜெசிந்தாவிடம், கப்பல் சமையற்கூடத்தில் வெந்நீர் கிடைக்குமா என்று கேட்டார். ஜெசிந்தா தம் மருத்துவமனைக் குரலில் கேட்டதால் இரண்டு வாளி கிடைத்தது. யாகப்பன் ஒவ்வொரு வாளியிலும் கையை முழங்கைவரை விட்டு, கை பொறுக்கும் பதம்வரை பச்சைத் தண்ணீர் சேர்த்தார். காய்களை இறக்கினார். மேலே மிதந்தவற்றை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஆறுகிற வாளிக்கு நான் சூடு சேர்த்தேன். காய்களை எடுத்து நிழலில் துணி விரித்து உலர்த்தியபோது, எண்ணெய்? என்று சேவுகப்பெருமாள் மெல்லக் கேட்டார். யாகப்பன் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கூடத்தில் எண்ணெய் வைத்திருப்பவர் யார் என்று உரக்கக் கேட்டார். ஒருவர் தலைக்குத் தேய்க்கக் கொண்டுவந்திருந்த நல்லெண்ணெய்க் குப்பியை நீட்டினார். துணியில் தொட்டு, தோல் மினுங்கும் அளவுக்கு மட்டும் துடைத்தோம்.

அன்று சனிக்கிழமை என்பதால் பெண் காய்களின் நிலை என்ன என்று ஜெசிந்தா வினவினார். கடல்மேல் கிழமை பார்ப்பதில்லை என்று யாகப்பனே தீர்ப்புச் சொன்னார். நோயாளிக்கு விலக்கு உண்டு என்று ஜெசிந்தாவும் அதை ஏற்றார். சேவுகப்பெருமாளுக்கு உயிர் வந்ததை நான் அப்போதுதான் கண்டேன். ஜெசிந்தா தம் கைப்பையைத் திறந்து கண்மைச் சிமிழை எடுத்து, ஒவ்வொரு காயின் கன்னத்திலும் ஒரு பொட்டு வைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்றார்.

எஞ்சியது பகல் தூக்கம். காற்றுத் தணியவில்லை; பொழுது போகவேண்டியிருந்தது; கூடம் புழுங்கியது. தவில் இல்லாத இடத்தில் பேச்சுத்தான் துணை என்று சேவுகப்பெருமாள் சொன்னார். அவர் குரல் கம்மிப்போயிருந்ததால் முறைவைத்துப் பேசுவது என்று ஏற்பாடாயிற்று. ஜெசிந்தா மருத்துவமனையின் பார்வையாளர் விதிகளைக் கூறினார். நான் என் முறைக்குத் தமிழகத்து ஆறுகளை வடக்கிலிருந்து தெற்காகச் சொன்னேன். வைகை வருவதற்குள் இரண்டு காய்கள் கொட்டாவி விட்டதாகச் சேவுகப்பெருமாள் தெரிவித்தார். கண்டிப்பான குரலில் தாமிரபரணியை முடித்துவிட்டே எழுந்தேன்.

யாகப்பன் முறை வந்தது. அவர் கூடையின் முன் அமர்ந்து, தொண்டையைக் கனைத்தார். பிறகு கொய்யா என்ன விலை என்று சொன்னார். பப்பாளி என்ன விலை என்று சொன்னார். அத்தோடு பேச்சு நின்றுவிட்டது. ஒரு காய் கண்ணை மூடப் போகிறது என்று சேவுகப்பெருமாள் அவர் முழங்கையை இடித்தார். யாகப்பன் பதற்றத்தோடு அதை எடுத்துக் காதருகில் வைத்துக் குலுக்கி, "ஏய், முழிச்சிக்கோ" என்றார். சொன்ன பிறகுதான் தாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது. சுற்றிலும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. கூடத்திலிருந்த பலர் தங்கள் முறைக்காக வரிசையில் காத்திருந்தார்கள்.

காற்றுத் தணிந்து, அன்று மாலை வெயில் இருக்கும்போதே கப்பல் துறைமுகத்தை அடைந்தது. ஏணியில் இறங்குமுன் சேவுகப்பெருமாள் கடைசியாக ஒருமுறை வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, உதடுகளை மூடினார். ஜெட்டியில் கோட்டைச்சாமி உறவினரோடு நின்றிருந்தார். அவர் பக்கத்தில், நிறைந்த வயிற்றோடு, தந்தையின் உதடுகளையே பார்த்தபடி பஞ்சவர்ணம் நின்றாள். உதடுகள் மூடியிருந்ததைக் கண்டபின்தான் அவள் பெருமூச்சு விட்டாள்.

கோட்டைச்சாமி வேட்டியை விலக்கினார். காய்கள் பறித்த அன்று போலப் பசுமையாக, மினுமினுவென்று கிடந்தன. அவர் குனிந்தார். ஒரு காயை எடுத்தார். அதன் கன்னத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. இன்னொன்றை எடுத்தார். அதிலும் புள்ளி. ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் புள்ளி.

நாங்கள் அதை மறந்தே போயிருந்தோம். நோயைத் தடுப்பதற்காக வைத்த பொட்டு, பார்ப்பவருக்கு நோயாகத் தெரியும் என்பது நாங்கள் எவரும் எண்ணிப் பாராத ஒன்று.

"கூடை பூரா கரும்புள்ளி. இதத்தான் சம்பந்தி புள்ளி விழாதுன்னு சொன்னாக" என்று கோட்டைச்சாமி உறவினர் பக்கம் திரும்பிச் சொன்னார். உறவினர்கள் பஞ்சவர்ணத்தைப் பார்த்தார்கள். பஞ்சவர்ணம் தரையைப் பார்த்தாள்.

சேவுகப்பெருமாளின் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. உள்ளே எத்தனை விடைகள் முட்டி மோதிக்கொண்டிருந்தன என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும் உதடுகள் பிரியவில்லை. மகள்மீது வைத்த ஆணை.

அப்போது கோட்டைச்சாமியின் கண்ணில் யாகப்பன் பட்டார். கோட்டைச்சாமியும் அந்தக் கடைவீதியில் பழம் வாங்குபவர்தான். யாகப்பன் வாயில் ஒரு சொல் வந்தால் அதற்குமேல் அந்தத் தீவில் மறுபேச்சு இல்லை. அண்ணாச்சி நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், இது நோயா இல்லையா என்று காயை நீட்டினார்.

யாகப்பன் அதை வாங்கினார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, புள்ளியின்மேல் ஒருமுறை தேய்த்தார். புள்ளி விரலில் வந்தது. காயின் கன்னம் மாசற்று இருந்தது. விரலை எல்லாருக்கும் காட்டினார். மை என்று அங்கிருந்த பெண்கள் கண்டுகொண்டார்கள். கோட்டைச்சாமி மட்டும் விடவில்லை. மாங்காய்க்கு எதற்கு அண்ணாச்சி மை என்று கேட்டார்.

யாகப்பன் விரலைத் துடைத்துக்கொண்டார். சேவுகப்பெருமாளைப் பார்த்தார். பஞ்சவர்ணத்தைப் பார்த்தார். கொய்யாவின் விலையைச் சொல்லும் அதே குரலில், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், பின்வருமாறு சொன்னார்.

"காலையில கப்பலு வெளிய நிக்கையில அந்த நோயி நீந்தி வந்துச்சு. நான் கண்ணால பாத்தேன். சன்னல் வழியா எட்டிப் பாத்து, எல்லாக் காயிலயும் ஆளு இருக்குன்னு தெரிஞ்சதும், அண்ணாச்சி ஒரு ஓரமா எடம் கெடைக்குமான்னு எங்கிட்ட கேட்டுச்சு. நான்தான், இது பூரா வளகாப்புக்குப் போறவுக, பின்னால வாற கப்பல்ல பாருன்னு சொல்லி அனுப்பிவிட்டேன்."

ஜெட்டியில் கயிறு உராயும் ஒலி கேட்டது. கோட்டைச்சாமி யாகப்பன் முகத்தையே பார்த்தார். அந்த முகம் இதுவரை ஒரு புளித்த பழத்தையும் இனிப்பென்று சொன்னதில்லை. அவர் மெல்லத் திரும்பிக் கடலைப் பார்த்தார். பின்னால் ஏதேனும் கப்பல் வருகிறதா என்று பார்த்திருக்கக்கூடும். அப்புறம் காயை வாங்கிக் கூடையில் பத்திரமாக வைத்து, வேட்டியைத் தம் கையாலேயே போர்த்திவிட்டு, வளைகாப்பு அன்று பழுத்துவிடுமல்லவா என்று யாகப்பனிடமே கேட்டார். இருட்டறையில் வைக்கோலுக்குள் வைத்து இனித் தூங்கவிடலாம் என்றார் யாகப்பன். உறவினர்கள் கூடையை ஓசைப்படாமல் தூக்கிச் சென்றார்கள்.

சேவுகப்பெருமாள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவர் இடது முழங்கால் மட்டும் கூடைக்குப் பின்னால் துள்ளிக்கொண்டு போவதுபோல் எனக்குத் தோன்றியது. நெடிய கடற்பயணத்துக்குப் பின் கண் அப்படித் தடுமாறுவதுண்டு.

பஞ்சவர்ணம் யாகப்பனின் அருகில் வந்தாள். அவளும் மாந்தோப்பில் வளர்ந்த பெண்தான்.

"கப்பல்ல எங்கப்பாவுக்குப் பக்கத்துலயே உக்காந்து வந்தீகளா அண்ணாச்சி?"

ஆமாம் என்றார் யாகப்பன்.

"அடுத்த தடவ கொஞ்சம் தள்ளி உக்காருங்க. ஒட்டிக்கிருச்சு."